குளிரில் மட்டும் தடுமாறும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: பழுதின் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஓடும் உங்கள் கார் முன்சக்கர இயக்கம் கொண்டது. 6 கியர் ஆட்டோமேட்டிக். 2,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வெப்பநிலை மைனஸ் 10க்குக் கீழே போகும் காலைகளில் ரிவர்ஸில் போட்டால் நான்கைந்து விநாடி கழித்தே வண்டி அசைகிறது. டிரைவ் உடனே பிடித்துவிடுகிறது. ஆனால் இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் ஒரு கணம் பிடியற்று உறுமி, பிறகு ஒரு இழுப்போடு கியர் விழுகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியபின் எல்லாம் சீராகிவிடுகிறது. ஒரு கராஜில் டிரான்ஸ்மிஷனைப் பிரித்துக் கட்ட 4,500 டாலர் கேட்கிறார்கள். இன்னொரு கராஜில் பழைய ஆயிலை மெஷின் வைத்து வெளியே தள்ளிப் புதியதை நிரப்பும் ஃப்ளஷ் செய்தால் போதும் என்கிறார்கள். இரண்டில் எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள் என்பதே என் பதில். நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால், அந்த இரண்டு கராஜிலும் வண்டியைச் சூடான நிலையில்தான் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. வீட்டிலிருந்து அரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திய வண்டியில் குளிர்காலப் பழுது எதுவும் மிஞ்சியிருக்காது. பார்ப்பவர் அனுபவத்தை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். குளிரில் மட்டும் தலைகாட்டும் கோளாறுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: எந்த கியரில் வருகிறது, எத்தனை விநாடி நீடிக்கிறது, எந்த வெப்பநிலையில் மறைகிறது என்ற மூன்றையும் குறித்துக்கொண்டால், கியர்பாக்ஸைக் கழற்றுவதற்கு முன்பே பழுதின் இடத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

முதலில், குளிர் இந்த கியர்பாக்ஸ் பெட்டிக்குள் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனில் ஆயில் வெறும் உராய்வைக் குறைக்கும் பொருள் அல்ல. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் வழியாக எஞ்சினின் விசையைக் கடத்துவதும், கிளட்ச் தட்டுகளை அழுத்தும் பிஸ்டன்களைத் தள்ளி கியரைப் பிடிக்க வைப்பதும், வால்வுகள் அடங்கிய வால்வ் பாடிக்குள் நுண்ணிய துளைகள் வழியே ஓடி எந்த கியர் எப்போது விழ வேண்டும் என்ற கட்டளையை நிறைவேற்றுவதும், இத்தனைக்கும் நடுவில் சூட்டை எடுத்துச் செல்வதும் அதே ஆயில்தான். ஓடிச் சூடான பெட்டியில் அதன் வெப்பம் ஏறத்தாழ 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். பெட்டியின் எல்லா அளவுகளும் அந்த நிலையை மனதில் வைத்தே வடிவமைக்கப்பட்டவை. ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த டெக்ஸ்ரான் 6 தர ஆயிலின் தடிமன் (ஓடத் தயங்கும் தன்மை) 100 டிகிரியில் 6 சென்டிஸ்டோக்ஸ் அளவில் இருக்கும். அதே ஆயில் மைனஸ் 40 டிகிரியில் சென்டிபாய்ஸ் என்ற வேறொரு அலகில் 15,000ஐத் தாண்டக் கூடாது என்பது அந்தத் தரத்தின் நிபந்தனை. அதாவது நல்ல ஆயில்கூட அந்தக் குளிரில் தேனைப் போலாகிவிட அனுமதி உண்டு. இதற்கு முந்தைய டெக்ஸ்ரான் 3 தரத்தில் இந்த எல்லை 20,000 ஆக இருந்தது. பழைய ஆயிலில் குளிர்காலப் புகார்கள் கூடுதலாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயில் தடிப்பது பாதிக் கதைதான். மீதிப் பாதி ரப்பர். கிளட்ச் பிஸ்டன்களைச் சுற்றியிருக்கும் சீல்கள், ஃபில்டரின் கழுத்தில் இருக்கும் வளையம், ஓ-ரிங்குகள் எல்லாம் ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து மெல்ல இறுகுகின்றன. இறுகிய சீல் சூடாக இருக்கும்போது விரிந்து, ஒருவாறு சுவரோடு ஒட்டி வேலையைச் செய்துவிடும். குளிரில் சுருங்கி, நெகிழ்வை இழந்து, ஓரத்தில் ஒரு மெல்லிய இடைவெளியை விட்டுவிடும். அந்த இடைவெளி வழியே அழுத்தம் கசிவதால் பிஸ்டன் நகரத் தாமதமாகிறது. சூடேறியதும் கசிவு அடைபடுகிறது. உங்கள் வண்டி பத்து நிமிடத்தில் தானாகவே நலமாகிவிடுவதாகத் தோன்றுவது இதனால்தான். கிளட்ச் தட்டுகள் தேய்ந்துபோன பெட்டி பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஆயில் சூடாகி இளகியபின்தான் அது அதிகமாக வழுக்கும்.

பழுதே அல்லாத சில விஷயங்களையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இவற்றுக்காகப் பணம் செலவழித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த எஞ்சின் வேகமான ஐடிலில் (நின்ற நிலைச் சுழற்சியில்) ஓடும்போது ரிவர்ஸோ டிரைவோ போட்டால் ஒரு தட்டல் கேட்பது இயல்பு. முதல் சில நிமிடங்களுக்குக் கியர்கள் வழக்கத்தைவிட உயர்ந்த சுழற்சியில் மாறுவதும் இயல்பு; புகை சுத்திகரிப்பான் விரைவில் சூடாக வேண்டும் என்பதற்காகக் கணினி வேண்டுமென்றே அப்படிச் செய்கிறது. டார்க் கன்வெர்ட்டரை எஞ்சினோடு நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்சும், பல வண்டிகளில் மேல் கியரும், ஆயிலோ எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டோ குறிப்பிட்ட சூட்டை அடையும் வரை தடுத்துவைக்கப்படும். ஆனால் தாமதமும், சுமையின்போது எஞ்சின் பிடியற்று உறுமுவதும் இந்தப் பட்டியலில் சேராது. உங்களுடையது உண்மையான பழுதுதான்.

மேல் கியர் வருவதே இல்லை, எரிபொருள் கூடுதலாகக் குடிக்கிறது என்று டிரான்ஸ்மிஷனைக் குறை சொல்லி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது காருக்குள் ஹீட்டர் நன்றாகச் சுடுகிறதா என்பதுதான். எஞ்சினின் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டால் கூலன்ட் போதிய சூட்டை எட்டாது. அதைப் பார்த்துக் கணினி லாக்-அப்பையும் மேல் கியரையும் தராமலே இருந்துவிடும். கணினி பதிந்துவைக்கும் பி 0128 என்ற பழுதுக் குறியீடு (கோடு) இதைத்தான் சொல்கிறது. மிகக் குறைந்த விலைப் பொருள் ஒன்று கியர்பாக்ஸ் பழுதுபோல வேடமிட்டு நிற்கும் இடம் இது. உங்கள் வண்டியில் இது இருந்தாலும் ரிவர்ஸ் தாமதத்தை விளக்காது. ஆயினும் பார்த்துவிடுவது நல்லது.

இனி உங்கள் வண்டிக்கு வருகிறேன். முதல் வேலை ஆயிலின் அளவு. இதைச் சொன்னால் பலர் அலட்சியமாகக் கேட்பார்கள். ஆனால் குளிர்காலத் தாமதங்களில் இதற்கு முதலிடம் தராத எந்தச் சோதனையையும் நான் ஏற்கமாட்டேன். டிரான்ஸ்மிஷன் ஆயில் 80 டிகிரியிலிருந்து மைனஸ் 20க்கு இறங்கும்போது அதன் கன அளவு ஏறக்குறைய ஏழு சதவீதம் சுருங்குகிறது. எட்டு லிட்டர் பிடிக்கும் பெட்டியில் அது அரை லிட்டருக்கும் மேல். கோடையில் அரை லிட்டர் குறைவாக இருந்தும் ஒழுங்காக ஓடிய வண்டி, ஜனவரி காலையில் ஒரு லிட்டருக்கு மேல் குறைந்த வண்டிபோல நடந்துகொள்ளும். பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். எல்லா கியர்களிலும் ரிவர்ஸுக்குத்தான் பொதுவாக அழுத்தம் அதிகம் தேவைப்படுகிறது. எனவே வழங்கலில் சிறு குறை இருந்தாலும் முதலில் ரிவர்ஸில்தான் தெரியும்.

அளவைப் பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் கையேட்டைப் பார்க்காமல் பார்க்கக் கூடாது. பெரும்பாலான பழைய வண்டிகளில் எஞ்சினை ஓடவிட்டு, சூடான நிலையில், பார்க்கில் வைத்து டிப்ஸ்டிக்கை இழுக்க வேண்டும். பல ஹோண்டா வண்டிகளில் எஞ்சினை நிறுத்தி 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும். புதியவற்றில் டிப்ஸ்டிக்கே இல்லை. பெட்டியின் பக்கத்தில் இருக்கும் திருகைக் கழற்றி, குறிப்பிட்ட வெப்பநிலையில் ஆயில் மெல்ல வழிகிறதா என்று பார்க்க வேண்டும். உதாரணமாக இசட்.எஃப். நிறுவனத்தின் 6 கியர் பெட்டிகளில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது இதைச் செய்ய வேண்டும். கார் கணினியின் தகவல்களைப் படிக்கும் ஸ்கேனரில் ஆயிலின் வெப்பத்தைப் பார்க்காமல் திருகைக் கழற்றுபவர் அளவைச் சரிபார்க்கவில்லை, ஊகிக்கிறார். கொதிக்கும் சூட்டில் பார்த்து, வழிகிறது என்று மூடிவிட்டால், அந்தப் பெட்டி குளிர்காலம் முழுவதும் குறை ஆயிலோடுதான் ஓடும்.

அளவு குறைந்திருந்தால் ஊற்றுவதோடு நிறுத்தாதீர்கள். ஆயில் எரிந்து தீர்வதில்லை, எங்கோ கசிகிறது. ஆயிலைக் குளிர்விக்கும் கூலரின் குழாய் இணைப்பு, ஆக்சில் நுழையும் இடத்து சீல்கள், அடித்தட்டின் கேஸ்கெட் ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். டொராண்டோ சாலைகளில் கொட்டும் உப்பு கூலர் குழாய்களின் இணைப்பை அரித்துத் தின்றுவிடுகிறது. பனிக்காலத்தில் தரையெல்லாம் சேறும் தண்ணீருமாக இருப்பதால் சொட்டு விழுவதும் கண்ணில் படாது.

அளவோடு சேர்த்து ஆயிலின் நிறத்தையும் மணத்தையும் பார்க்க வேண்டும். சிவப்பு மங்கிப் பழுப்பாகியிருப்பது வயதைக் காட்டுகிறது; அதில் பயமில்லை. கறுத்து, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் ஏற்கெனவே வெந்துவிட்டன. இளஞ்சிவப்பாகப் பால் கலந்ததுபோல இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரில் ஓட்டை விழுந்து கூலன்ட் கலந்திருக்கிறது. அது வேறு வகை ஆபத்து: கிளட்ச் தட்டின் உராய்வுப் பொருளை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் பிரித்துவிடும். அப்படி இருந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம்.

எந்த ஆயில் ஊற்றப்பட்டிருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். நீங்கள் இரண்டாம் கையாக வாங்கியிருந்தால் இது முக்கியம். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று லேபிள் ஒட்டிய ஆயில்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றில் சில நல்லவைதான். ஆனால் டொயோட்டாவின் டபிள்யூ.எஸ்., ஃபோர்டின் மெர்கான் எல்.வி. போன்ற மெல்லிய ஆயில் கேட்கும் பெட்டிகளில் பழைய தலைமுறைத் தடித்த ஆயிலை ஊற்றியிருந்தால், கோடையில் தெரியாத தவறு குளிரில் தெரியவரும்.

அடுத்தது, காசு செலவில்லாத ஒரு சோதனை; இதை நீங்களே செய்யலாம். டிரான்ஸ்மிஷன் தகவல்களையும் காட்டக்கூடிய ஒரு சிறிய ஸ்கேனரை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை இரவு முழுவதும் வெளியே நிறுத்திவிட்டு, காலையில் எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், கூலன்டின் வெப்பம், டிரான்ஸ்மிஷன் ஆயிலின் வெப்பம் ஆகிய மூன்றையும் படியுங்கள். ஊறிக் குளிர்ந்த வண்டியில் மூன்றும் வெளி வெப்பநிலையை ஒட்டி, தமக்குள் சில டிகிரி வித்தியாசத்தில்தான் இருக்க வேண்டும். மற்ற இரண்டும் மைனஸ் 12 காட்டும்போது ஆயில் சென்சார் மட்டும் 25 காட்டினால், கணினி குளிர்ந்த ஆயிலைச் சூடான ஆயில் என்று நம்பி அதற்கேற்ற அழுத்தத்தையும் நேரத்தையும் தருகிறது. பெட்டியில் குறையே இல்லாமலும் கியர் தாமதமாக விழும். மைனஸ் 40இல் அசையாமல் நின்றால் பெரும்பாலும் சென்சாரின் சுற்று அறுந்திருக்கிறது. பி 0711, பி 0712, பி 0713 ஆகிய கோடுகள் இந்தச் சென்சாரைச் சேர்ந்தவை. ஆனால் வாசிப்பு சற்றே தவறாக இருக்கும்போது கோடு விழாமலும் போகலாம். எனவே கோடு இல்லை என்பதை வைத்துச் சென்சாரை நல்லது என்று முடிவு கட்டாதீர்கள்.

அதே காலையில் பேட்டரியையும் பார்த்துவிடுங்கள். பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் குளிர்நிலை ஆம்பியர் எண் மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடிக்கு அது தரக்கூடிய மின்னோட்டம். அந்த நேரத்தில் மின்னழுத்தம் 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பழைய பேட்டரி கிராங்க் செய்யும்போது அதைவிடக் கீழே சரிந்தால் டிரான்ஸ்மிஷன் கணினி ஒரு கணம் மயங்கி எழுகிறது. பிறகு தற்காப்பு நிலைக்குப் போய் ஒரே கியரில் நின்றுவிடுகிறது. எஞ்சினை நிறுத்தி மறுபடி இயக்கினால் சரியாகிவிடுவது இதன் அடையாளம். உங்கள் வண்டியில் இந்த அறிகுறி இல்லை. எனினும் இதே கேள்வியோடு இதைப் படிக்கும் வேறு ஒருவருக்கு உதவலாம். அதுபோலவே, லீவர் பார்க்கை விட்டு நகரவே மறுத்தால் பெட்டியைக் குற்றம் சொல்லாதீர்கள். கியர் கேபிளின் உறைக்குள் புகுந்த ஈரம் உறைந்திருக்கலாம், அல்லது பிரேக்கை அழுத்தினால் பூட்டை விடுவிக்கும் மின்காந்தம் (சோலனாய்டு) வேலை செய்யாமல் இருக்கலாம். பலம் கொண்டு இழுத்தால் கேபிளின் முனை உடையும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் பெட்டிக்குள் போக வேண்டும். இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: ரிவர்ஸ், டிரைவ் இரண்டுமே தாமதமாகின்றனவா, ஒன்று மட்டுமா?

இரண்டுமே தாமதமானால் பழுது எல்லாவற்றுக்கும் பொதுவான வழங்கல் பாதையில் இருக்கிறது: பம்ப், ஃபில்டர், ஃபில்டரின் சீல், அல்லது இரவில் டார்க் கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் வடிந்துபோவது. கன்வெர்ட்டர் வடிகிறதா என்பதை டிப்ஸ்டிக் உள்ள வண்டியில் எளிதாக அறியலாம். மாலையில் ஓட்டி வந்து நிறுத்தியதும் எஞ்சின் அணைந்த நிலையில் ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்; காலையில் எஞ்சினை இயக்குவதற்கு முன் மறுபடி பாருங்கள். குளிர்ந்து சுருங்கியிருக்க வேண்டிய ஆயில், மாறாக விரல்கணக்கில் உயர்ந்து நின்றால், கன்வெர்ட்டரில் இருந்தது அடித்தட்டுக்கு வந்துவிட்டது. அப்படிப்பட்ட வண்டியில் எஞ்சினை இயக்கியபின் ஒரு நிமிடம் பொறுத்து கியரைப் போட்டால் தாமதம் பெரும்பாலும் மறைந்துவிடும். நீண்ட நேரம் நிறுத்தியிருந்தால் கோடையில்கூடத் தாமதம் வரும்.

ஃபில்டர் சீலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே கைவேலையின் தரம் நேரடியாகத் தெரிகிறது. அடித்தட்டைக் கழற்றினால் ஃபில்டரின் கழுத்து பம்புக்குப் போகும் துளைக்குள் ஒரு ரப்பர் வளையத்தோடு செருகப்பட்டிருக்கும். பழைய ஃபில்டரை இழுக்கும்போது கழுத்து மட்டும் வெளியே வந்து, வளையம் துளையின் சுவரைப் பற்றிக்கொண்டு உள்ளேயே நின்றுவிடும். அவசரத்தில் இருப்பவர் அதைக் கவனிக்காமல் புதிய ஃபில்டரை அதன் வளையத்தோடு செருகுவார். அது கோணலாக நிற்கும். அல்லது புதிய வளையத்தைப் போடாமல் பழையதின் மேலேயே செருகிவிடுவார். நான் ஒருமுறை கழற்றிய பெட்டியில் அப்படி நின்றிருந்த பழைய வளையத்தைக் கொக்கியால் நெம்பி எடுத்தபோது, அது ரப்பர்போல வளையாமல் காய்ந்த பிளாஸ்டிக்போல இரண்டாக ஒடிந்தது. உள்விளிம்பு கண்ணாடிபோல வழவழப்பாகிவிட்டிருந்தது. அந்த வண்டிக்குப் புதிய பம்ப் போட வேண்டும் என்று அதற்கு முன்பு பார்த்தவர் சொல்லியிருந்தார். சில டாலர் வளையத்தை மாற்றி, ஆயிலை நிரப்பியதும் மறுநாள் காலையிலிருந்து தாமதம் நின்றது. உறிஞ்சும் பக்கத்தில் கசிவு இருந்தால் அது வெளியே சொட்டாது. காற்றை உள்ளே இழுக்கும். அதனால்தான் அடியில் எத்தனை முறை பார்த்தாலும் தெரிவதில்லை. குளிர்ந்த நேரத்தில் பம்ப் பக்கமிருந்து வரும் மெல்லிய ஊளைச் சத்தம்தான் அதன் துப்பு.

உங்கள் வண்டியில் டிரைவ் உடனே பிடிக்கிறது. இது பெரிய தகவல். பம்பும் ஃபில்டரும் குறைந்தபட்சம் டிரைவுக்குப் போதுமான அளவு வேலை செய்கின்றன என்று பொருள். இனி ரிவர்ஸுக்கும் மூன்றாம் கியருக்கும் பொதுவாக எது இருக்கிறது என்று தேட வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் எந்த கியரில் எந்தெந்த கிளட்சுகள் பிடிக்கும் என்ற அட்டவணை பழுதுபார்க்கும் கையேட்டில் இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கூட்டாக உருவாக்கிய முன்சக்கர இயக்க 6 கியர் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: அவற்றில் ஒரே கிளட்ச் மூன்றாம் கியர், ஐந்தாம் கியர், ரிவர்ஸ் ஆகிய மூன்றிலும் பிடிக்கிறது. அந்த வகைப் பெட்டியில் ரிவர்ஸ் தாமதமும் இரண்டு-மூன்று மாற்றத்தில் வழுக்கலும் சேர்ந்து வந்தால், விரல் அந்த ஒரே கிளட்சின் பிஸ்டன் சீலையோ, அதற்கு ஆயில் போகும் வழியையோ, அதைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான சோலனாய்டையோ நோக்கித்தான் நீள்கிறது. சரிபார்க்க ஒரு வழி உண்டு. குளிர்ந்த வண்டியில் நான்கிலிருந்து ஐந்துக்கு மாறும்போதும் அதே உறுமல் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் சந்தேகம் உறுதியாகிறது. உங்கள் கார் எந்த நிறுவனத்தினது என்று நீங்கள் எழுதவில்லை. வேறு வடிவமைப்பாக இருந்தால் அட்டவணை வேறாக இருக்கும், ஆனால் தேடும் முறை இதுவே. ஸ்கேனரில் பி 0733, பி 0735, பி 0736 போன்ற கோடுகள் உறுதியாகாத நிலையில் பதிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை முறையே மூன்றாம் கியர், ஐந்தாம் கியர், ரிவர்ஸ் ஆகியவற்றின் விகிதம் பிழையாக இருந்ததைச் சொல்பவை.

சோலனாய்டும் வால்வ் பாடியும் ஒரு பக்கம், பிஸ்டன் சீல் மறுபக்கம். இவற்றைப் பிரித்தறிவதில்தான் உங்கள் 4,500 டாலர் அடங்கியிருக்கிறது. பல முன்சக்கர இயக்கப் பெட்டிகளில் வால்வ் பாடியைப் பெட்டியை இறக்காமலே பக்கமூடியைக் கழற்றி எடுக்கலாம். பிஸ்டன் சீலுக்குப் பெட்டியை இறக்கி முழுவதும் பிரிக்க வேண்டும். எனவே பிரித்துக் கட்டச் சம்மதிப்பதற்கு முன் கராஜில் இரண்டு சோதனைகளைக் கேளுங்கள். ஒன்று, அழுத்தமானியை மாட்டி, குளிர்ந்த நிலையில் ஒருமுறையும் சூடானபின் ஒருமுறையும், நியூட்ரல், டிரைவ், ரிவர்ஸ் மூன்றிலும் அளவெடுப்பது. நியூட்ரலிலேயே குளிரில் அழுத்தம் குறைந்தும் முள் நடுங்கியும் இருந்தால் உறிஞ்சும் பக்கம் காற்று வாங்குகிறது. நியூட்ரலில் சரியாக இருந்து, ரிவர்ஸ் போட்டதும் சரிந்து, மீளாமல் நின்றால், அந்த கிளட்சின் சுற்றில் பெரிய கசிவு இருக்கிறது. மூன்றிலும் அழுத்தம் கையேட்டின்படி இருந்தும் கிளட்ச் தாமதமானால், அழுத்தம் கிளட்சைச் சென்றடையவில்லை. வால்வையும் சோலனாய்டையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வால்வ் பாடியைக் கழற்றிய நிலையில், அந்த கிளட்சுக்கு ஆயில் போகும் துளைக்குள் குறைந்த அழுத்தக் காற்றைச் செலுத்துவது. சீல் நன்றாக இருந்தால் பிஸ்டன் நகர்ந்து தட்டுகளில் மோதும் மொத்தென்ற ஒலி தெளிவாகக் கேட்கும்; போயிருந்தால் நீண்ட சீறல் மட்டும் கேட்கும். இந்தச் சோதனையைச் சூடான கராஜுக்குள் செய்தால் பாதிப் பயன் போய்விடும். வண்டியை இரவு வெளியே விட்டு, காலையில் முடிந்தவரை விரைவாகச் செய்யச் சொல்லுங்கள். இப்படிக் கேட்டால் முகம் சுளிக்கும் கராஜும் உண்டு, நல்ல கேள்வி என்று மகிழும் கராஜும் உண்டு. அந்த வேறுபாடே உங்களுக்கு ஒரு தகவல்.

மெஷின் ஃப்ளஷ் பற்றி: உங்கள் நிலையில் நான் அதைச் செய்யமாட்டேன். ஆயில் பழையதாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும். வாழ்நாள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்று சில கார் நிறுவனங்கள் சொன்னாலும், அந்தப் பெட்டிகளைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றும்படி பரிந்துரைக்கிறது. ஆனால் மாற்றும் முறை முக்கியம். அடித்தட்டு வழியே வடித்தால் மொத்த ஆயிலில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரைதான் வரும். மீதி கன்வெர்ட்டரில் தங்கியிருக்கும். வடித்து நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து நிரப்புவதே பழைய பெட்டிக்கு ஏற்ற முறை. அடித்தட்டு உள்ள பெட்டியானால் அதைக் கழற்றுவதால் இன்னொரு நன்மையும் உண்டு: தட்டில் உள்ள காந்தத்தைப் பார்க்கலாம். நுண்ணிய சாம்பல் நிறச் சேறு வயதுக்கு ஏற்றது. செதில்களோ பித்தளை நிறத் துகள்களோ இருந்தால் பேச்சு மாறிவிடுகிறது. மெஷின் ஃப்ளஷில் அடித்தட்டைத் திறக்காமலே வேலையை முடித்துவிடுவது வழக்கம் என்பதால் இந்தச் சாட்சியம் கிடைக்காது. ஃபில்டர் சீலும் மாறாது.

சீல்களை மென்மையாக்கும் என்று விற்கப்படும் சேர்க்கைத் திரவங்கள் இறுகிய ரப்பரைச் சிறிது உப்பவைப்பது உண்மைதான். ஒரு குளிர்காலத்தைக் கடத்த அது உதவிய வண்டிகள் உண்டு. ஆனால் நல்ல சீல்களையும் அது உப்பவைக்கும். விற்கப்போகும் வண்டிக்கு அதை ஊற்றி வாங்குபவரிடம் மறைப்பதை நான் ஏற்கவில்லை. நீங்களே வைத்து ஓட்டும் வண்டிக்கும் சோதனைகள் முடியும் வரை ஊற்றாதீர்கள், ஏனெனில் அறிகுறியை அது கலக்கிவிடும்.

சோதனை முடியும் வரை எப்படி ஓட்டுவது என்பதும் முக்கியம். வழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த கிளட்சின் தட்டுகள் சிறிது கருகுகின்றன, இன்று சீல் பழுதாக இருப்பது பிப்ரவரிக்குள் தட்டுப் பழுதாகவும் ஆகிவிடும். எஞ்சினை இயக்கி, ஐடில் இறங்கும் வரை ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள். ரிவர்ஸில் போட்டபின் அது பிடிக்கும் வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்காதீர்கள். தாமதமாகிறதே என்று ஆக்சிலரேட்டரை அழுத்துவதுதான் இந்தப் பழுதில் செய்யக்கூடிய மிகப் பெரிய கேடு. முடிந்தால் மாலையிலேயே, வண்டி சூடாக இருக்கும்போது, முன்பக்கம் வீதியைப் பார்த்து நிற்கும்படி பின்னால் எடுத்து நிறுத்திவிடுங்கள். காலையில் ரிவர்ஸே தேவைப்படாது. மூன்றாம் கியர் விழும் நேரத்தில் காலை லேசாகத் தளர்த்துங்கள். அரை மணி நேரம் நின்ற இடத்தில் ஓடவிடுவது எஞ்சினைச் சூடாக்கும் அளவுக்கு டிரான்ஸ்மிஷனைச் சூடாக்காது. மெதுவாக ஓட்டுவதே அதைச் சூடாக்கும். பிளாக் ஹீட்டரும் எஞ்சினுக்கானதுதான். கியர்பாக்ஸின் அடித்தட்டில் ஒட்டும் ஹீட்டர் பட்டைகள் தனியே கிடைக்கின்றன. விண்ணிப்பெக், எட்மன்டன் பக்கம் வெளியே நிறுத்துபவர்களுக்கு அவை பயன்படும், டொராண்டோவில் அவ்வளவு அவசியமில்லை. பனியில் சக்கரம் புதைந்தால் ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாற்றி மாற்றி ஆட்டி எடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இந்த வண்டியில் அதை ஒருமுறைகூடச் செய்ய வேண்டாம்; மண்வாரியை டிக்கியில் வைத்திருங்கள்.

சோதனைகள் பிஸ்டன் சீலைத்தான் காட்டுகின்றன என்றால் பெட்டியைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. அப்போது சீலை மட்டும் மாற்றிச் செலவைக் குறைக்கலாமா என்று கேட்கத் தோன்றும். இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிய செலவு. பிரித்தபின் எல்லா சீல்களையும், வழுக்கிய கிளட்சின் தட்டுகளையும், கன்வெர்ட்டரையும் சேர்த்து மாற்றுவதே சரி. கூலரையும் குழாய்களையும் கழுவாமல் புதுப்பித்த பெட்டியை ஏற்றுவதற்குச் சம்மதிக்காதீர்கள். பழைய துகள்கள் நேராகப் புதிய வால்வ் பாடிக்குள் போய்ச் சேரும்.

உடைத்த வண்டிகள் விற்கும் இடத்திலிருந்து பழைய பெட்டி ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கிப் போடலாம் என்றும் யாராவது சொல்வார்கள். அந்தப் பெட்டி உங்களுடைய வயதுதான் என்றால் அதன் ரப்பரும் அதே வயதுதான். சூடான கராஜில் மாட்டி ஓட்டிக் காட்டும்போது அது சரியாகவே ஓடும். அதை வாங்குவதானால், முதல் குளிர் காலையில் தாமதம் காட்டினால் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த உறுதிமொழி குறைந்தது மார்ச் இறுதிவரை செல்லுமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.